மீட்டரைப் பார்! பிறகு பில்லைப் பார்!

இவ்வாரம் நாம் எழுதப் புகுந்த விஷயம் சிலருக்கு மிக அற்பமானதாகத் தோன்றலாம். சாதி ஒழியவில்லை, மூடநம்பிக்கை ஒழியவில்லை, பெண்ணடிமை தீரவில்லை. இதற்கிடையில் மின்சார மீட்டரைப் பற்றியும் பில்லைப் பற்றியும் எழுதிக் கொண்டிருப்பதா என்று சில தோழர்கள் கேட்கவுங் கூடும். மனிதன் ஏமாறுகின்ற இடம் கோவிலானாலும் சரி, கம்பெனியானாலும் சரி, ஏமாறுவதற்குக் காரணம் ஒன்றேதான் என்பது நமதபிப்பிராயம். தன் கண்ணால் பார்க்கக் கூடியதைப் பார்க்காமல், பிறன் எழுதி நீட்டியதை உண்மையென்று நம்புவதே அந்தக் காரணம். ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகின்றோம்.

லண்டன் நகரத்தின் ஓரத்தில் குடியிருக்கும் நமது தோழர் ஒருவர் நமக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கின்றார். அவர் சென்ற ஆண்டு ஒரு வாடகை வீட்டிற்குக் குடிபோனார். அவருக்கு இவற்றில் நம்பிக்கை கிடையாது; என்றாலும் வீட்டாரின் பிடிவாதத்திற்காகப் பஞ்சாங்கம் பார்த்து, ராகுகாலம் தள்ளி, புரோகிதரை அழைத்து, மணி அடித்து, பால் பொங்க வைத்துத்தான் உள்ளே போனார்களாம். பால் எந்தத் திசையில் பொங்கி வழிந்தது என்று ஐந்து பேர் குனிந்து பார்த்தார்கள். மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் மின்சார மீட்டர் என்ன எண்ணைக் காட்டுகின்றது என்று மட்டும் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

அந்நாட்டில் ஒரு விசேஷமுண்டு. வீட்டிற்கு மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் கம்பெனிகள் பல. எந்தக் கம்பெனி குறைந்த விலை சொல்லுகின்றதோ அதற்கு ஒருவர் மாறிக் கொள்ளலாம். நமது தோழரும் ஏழு வாரம் கழித்து, மலிவான வேறொரு கம்பெனிக்கு மாறினார். மாறிய நாளிலும் மீட்டரைப் பார்க்கவில்லை. பிறகு பழைய கம்பெனியிடமிருந்து கடைசிப் பில் வந்தது. ஆரம்ப எண் 41,300, முடிவு எண் 43,100, ஆக 1,800 யூனிட். யூனிட் ஒன்றுக்கு 25 பென்ஸ் வீதம் 450 பவுன் கட்டு என்பது அதன் சாரம்.

ஏழு வாரத்திற்கு 450 பவுனா என்று வீடு முழுவதும் திகைத்தது. ஒரு பெரியவர், "சனி பார்வை, பரிகாரம் செய்" என்றாராம். மற்றொருவர், "வெள்ளைக்காரன் கம்பெனி தப்புக் கணக்குப் போடுமா? கட்டிவிடு" என்றாராம். இந்த இரண்டு யோசனைகளும் வெவ்வேறு என்று சிலர் நினைக்கலாம். நாம் இரண்டும் ஒன்றே என்கின்றோம். முன்னவர் கிரகத்தைக் கேள்வி கேட்கக் கூடாதென்றார். பின்னவர் அச்சடித்த காகிதத்தைக் கேள்வி கேட்கக் கூடாதென்றார். அவ்வளவுதான் பேதம்.

நமது தோழர் இரண்டையும் தள்ளிவிட்டு, கம்பெனி மாறி மூன்று வாரம் கழிந்த அன்று, முதல் முறையாக அலமாரியைத் திறந்து மீட்டரைப் பார்த்தார். அது 42,150 என்று காட்டிற்று! மூன்று வாரத்திற்கு முன்பே 43,100-ஐ எட்டிவிட்டதாகக் கம்பெனி எழுதிய மீட்டர், மூன்று வாரம் மேலும் ஓடிய பிறகும் 42,150-ல்தான் நிற்கின்றது. மீட்டர் பின்னோக்கி ஓடிற்றா? பில்லை மறுபடி புரட்டிப் பார்த்தபோதுதான், இரண்டு எண்களின் பக்கத்திலும் "மதிப்பீடு" என்ற குறிப்புச் சிறிய எழுத்தில் இருந்ததைக் கண்டார். அதாவது ஆரம்ப எண்ணையும் எவனும் பார்க்கவில்லை. முடிவு எண்ணையும் எவனும் பார்க்கவில்லை. இரண்டும் ஊகம்.

இந்த ஊகம் எங்கிருந்து வருகின்றது? அந்த வீட்டில் முன்பு இருந்தவர்கள் எவ்வளவு செலவழித்தார்கள் என்ற பழைய கணக்கிலிருந்து பெரும்பாலும் வருகின்றது. முன்பிருந்தவர் குளிருக்கு மின்சார அடுப்பு வைத்து இரவு பகலாக எரித்திருப்பார். அவர் போன பிறகும் அந்தச் செலவு வீட்டை விட்டுப் போவதில்லை. அடுத்துக் குடிவந்தவன் தலையில் ஏறிக் கொள்ளுகின்றது. முன் ஜென்மத்தில் எவனோ செய்த வினையை இந்த ஜென்மத்தில் நீ அனுபவிக்க வேண்டும் என்று நமது சாஸ்திரிகள் சொல்லுகின்றார்களே, அதற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன என்று கேட்கின்றோம். வித்தியாசம் ஒன்று உண்டு. கர்ம வினையைச் சோதிக்க மீட்டர் கிடையாது. இதைச் சோதிக்க மீட்டர் இருக்கின்றது.

தோழர் என்ன செய்தார்? வீடு வாடகைக்கு விட்ட தரகர், குடிவந்த நாளன்று வீட்டுச் சாமான் ஜாபிதா ஒன்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார். அதில் மீட்டர் எண் 41,540 என்று படத்துடன் இருந்தது. அதை வைத்து அவர் போட்ட கணக்கை வாசகர்கள் கவனிக்க வேண்டுகின்றோம். 41,540-லிருந்து 42,150 வரை பத்து வாரத்தில் ஓடியது 610 யூனிட். வாரம் ஒன்றுக்கு 61. ஆகவே பழைய கம்பெனியிடம் இருந்த ஏழு வாரத்திற்கு 427 யூனிட். மாறிய நாளின் உண்மையான எண் ஏறக்குறைய 41,967. சேர வேண்டிய தொகை 106 பவுன் 75 பென்ஸ். கேட்ட தொகையோ 450 பவுன். நான்காம் வகுப்புப் பிள்ளை போடக் கூடிய இந்தக் கணக்கு 343 பவுன் 25 பென்ஸை மீட்டது. எந்தப் பரிகாரமும் அதை மீட்டிருக்காது.

இனி, இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகின்றோம். பிரிட்டனில் மின்சாரத் தொழில் 1948-ல் சர்க்கார் உடைமையாக்கப்பட்டது. எரிவாயுத் தொழில் அதற்கு அடுத்த ஆண்டு. பிறகு 1986-ல் எரிவாயுவும், 1990 முதல் மின்சாரமும் தனியார்க்கு விற்கப்பட்டன. 1999-ஆம் ஆண்டு மே மாதத்திற்குள் எல்லா வீட்டாரும் இரண்டிலும் தங்கள் கம்பெனியைத் தாங்களே தெரிந்தெடுக்கலாம் என்று ஆயிற்று. ஆனால் கம்பெனி மாறினால் கம்பி மாறுவதில்லை, குழாய் மாறுவதில்லை, பெரும்பாலும் மீட்டரும் மாறுவதில்லை. அதே மின்சாரம் அதே கம்பியில் வருகின்றது. மாறுகின்றவன் பில் எழுதுகின்றவன் மட்டுமே. ஆகையால் ஒருவன் கணக்கு எங்கே முடிந்து மற்றவன் கணக்கு எங்கே துவங்குகின்றது என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அதுதான் மாறிய நாளில் மீட்டர் காட்டிய எண். பழைய கம்பெனிக்கு முடிவு எண்ணும், புதிய கம்பெனிக்கு ஆரம்ப எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்த ஒரு எண்ணை நாம் கொடுக்காவிட்டால் அவர்களே ஒன்றை ஊகித்துக் கொள்ளுவார்கள்.

"ஊகம் தப்பானால் என்ன? பழையவன் அதிகம் வாங்கினால் புதியவன் குறைவாகத்தானே வாங்குவான்? கடைசியில் சரியாகிவிடும்" என்று சிலர் சமாதானம் சொல்லுகின்றார்கள். இது பாதி உண்மை. ஆகையினால் முழுப் பொய்யைவிட ஆபத்தானது. இருவரது விலையும் ஒன்றல்லவே! விலை அதிகமென்றுதானே பழையவனை விட்டோம்? அந்த அதிக விலையில் நாம் செலவழிக்காத யூனிட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, குறைந்த விலையில் அதைத் திரும்பப் பெறுவது எப்படிச் சரியாகும்? அன்றியும் பழையவன் இன்றே கட்டு என்கின்றான். புதியவனிடம் சரியாவது பல மாதம் கழித்து. இடையில் ஏழைக்கு 450 பவுன் எங்கிருந்து வரும்?

எரிவாயு மீட்டரில் மற்றொரு வலை இருக்கின்றது. பழைய மீட்டர்கள் கன அடிக் கணக்கில் ஓடுகின்றவை; புதியவை கன மீட்டர்க் கணக்கில் ஓடுகின்றவை. பில்லோ கிலோவாட்-மணிக் கணக்கில் வருகின்றது. கன மீட்டரை 1.02264-ஆல் பெருக்கி, வாயுவின் வெப்ப மதிப்பால் பெருக்கி, 3.6-ஆல் வகுப்பது அங்குள்ள முறை. நூறு கன அடி அளவானால் முதலில் 2.83-ஆலும் பெருக்க வேண்டும். வெப்ப மதிப்பு 39.5 என்று வைத்துக் கொண்டால், நூறு கன மீட்டருக்கு 1,122 கிலோவாட்-மணி வரும். புதிய கம்பெனி உங்கள் மீட்டரைப் பழைய வகை என்று தவறாகப் பதிந்து கொண்டால் அதே நூறு 3,175 ஆகிவிடும்! ஒரே அடுப்பு, ஒரே சமையல், பில் ஏறக்குறைய மூன்று மடங்கு. மீட்டரின் முகத்தில் கன மீட்டர் என்றிருக்கின்றதா, கன அடி என்றிருக்கின்றதா என்று ஒரு முறை பார்த்து, பில்லில் உள்ளதோடு ஒப்பிடுவதே இதற்கு மருந்து.

இனி, மாற விரும்புகின்றவர்கள் செய்ய வேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, மாறும் நாள் எது என்று புதிய கம்பெனி தெரிவிக்கும். 2022 ஜூலை முதல், பெரும்பாலும் ஐந்து வேலை நாட்களுக்குள் மாற்றம் முடிந்து விடுகின்றது. அந்த நாளில் மீட்டரைப் பார்த்து, நாளும் மணியும் தெரியும்படி படம் பிடித்து, எண்ணைப் புதிய கம்பெனிக்கு எழுதி அனுப்ப வேண்டும். பழையவனுக்கும் ஒரு பிரதி அனுப்புவதில் நஷ்டமில்லை. கறுப்பு எண்களை மட்டும் எழுத வேண்டும். சிவப்பு எண்களையும், புள்ளிக்குப் பின்னுள்ள எண்களையும் விட்டுவிட வேண்டும். பகலுக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை என்றிருக்கும் மீட்டரானால் இரண்டு எண்களையும் எழுத வேண்டும். அவற்றை இடம் மாற்றி எழுதினால் மலிவான இரவு யூனிட்டுகள் பகல் விலைக்குப் போய்விடும். மீட்டரின் வரிசை எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் அடுத்த வீட்டான் மீட்டருக்கு நாம் பணம் கட்டுவதும் உண்டு.

இரண்டாவது, தானாகவே எண்ணை அனுப்பும் நவீன மீட்டர் இருக்கின்றதென்று தூங்கிவிடக் கூடாது. கம்பெனி மாறியவுடன் அவற்றில் சில வாய் மூடிக் கொள்ளுகின்றன. யந்திரத்தின் மேல் வைக்கும் குருட்டு நம்பிக்கையும் குருட்டு நம்பிக்கைதான்.

மூன்றாவது, மாறிய நாளிலிருந்து ஆறு வாரத்திற்குள் பழைய கம்பெனி கடைசிப் பில்லை அனுப்பியாக வேண்டும். நமது பணம் அவனிடம் மிச்சமிருந்தால், கடைசிப் பில் எழுதியபின் பத்து வேலை நாட்களுக்குள் திருப்பியாக வேண்டும். தவறினால் நஷ்டஈடு தர வேண்டும். முன்பு 30 பவுனாக இருந்தது 2025 முதல் 40 பவுன். இது பிச்சையல்ல, விதி. கணக்கு முழுதும் தீரும் வரை பாங்கியிலிருந்து தானே பணம் எடுத்துக் கொள்ளும் உத்தரவை ரத்து செய்ய வேண்டாம். மிச்சப் பணம் திரும்பி வரும் வழியும் பெரும்பாலும் அதுவேயாகும்.

நான்காவது, எண் தப்பாயிருந்தால் புதிய கம்பெனியிடம் படத்துடன் முறையிட வேண்டும். அவன் பழையவனோடு பேசி, இருவரும் ஒரே எண்ணை ஒப்புக் கொண்டு இரண்டு பில்களையும் திருத்த வேண்டும். கேளாவிட்டால் எழுத்து மூலம் புகார் கொடுத்து, விதியில் கண்ட கெடு கழிந்ததும், எரிசக்தி ஆம்புட்ஸ்மன் என்ற மத்தியஸ்தரிடம் போகலாம். அதற்குக் கட்டணமில்லை. நாம் ஒப்புக் கொண்டால் அவர் தீர்ப்புக் கம்பெனியைக் கட்டும். அன்றியும் 2018 மே முதல், கம்பெனி தன் தப்பால் கேட்காமல் விட்டுவிட்ட பழைய பாக்கியை, பன்னிரண்டு மாதத்திற்கு மேற்பட்டதானால் கேட்கக் கூடாதென்று விதி இருக்கின்றது.

இங்கு ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஊகம் சில சமயம் நமக்குச் சாதகமாகக் குறைந்தும் இருக்கும். அப்போது வாய் மூடிக் கொண்டு, "ஏதோ அதிர்ஷ்டம்" என்று இருப்பது சுயமரியாதையல்ல, புத்திசாலித்தனமுமல்ல. குறைந்த எண்ணால் தப்பிய யூனிட்டுகள் அடுத்த பில்லில் மொத்தமாக வந்து கழுத்தைப் பிடிக்கும். செலவழித்ததற்குக் கொடு, செலவழிக்காததற்குக் கொடுக்காதே. நியாயம் இவ்வளவே.

இதில் உயிரான விஷயம் யாதெனில், தப்பான பில் காகிதத்தோடு நிற்பதில்லை. கட்டாத தப்புப் பில் பாக்கியாகின்றது. 28 நாளைக்கு மேல் நின்ற பாக்கியைக் காட்டிப் பழைய கம்பெனி மாற்றத்தையே தடுக்கலாம். தன் தப்பால் வந்த பாக்கியானால் தடுக்கக் கூடாதென்பதைப் பலர் அறிவதில்லை. பாக்கி வசூல்காரன் கைக்குப் போகின்றது; நாணயக் கணக்கில் கரும்புள்ளியாகின்றது. முன்பணம் போட்டால்தான் விளக்கெரியும் மீட்டரைக் கோர்ட்டு வாரண்டுடன் வீட்டிற்குள் நுழைந்து மாட்டும் கொடுமையும் அந்நாட்டில் நடந்தது. 2022-23 குளிர்காலத்தில் இது பெருகி, பெரிய கூக்குரல் எழுந்த பிறகே 2023 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் கடும் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. பணக்காரனுக்குத் தப்புப் பில் ஒரு தலைவலி. ஏழைக்கு அது அணைந்த அடுப்பு.

போட்டி வந்துவிட்டால் எல்லாம் தானே சரியாகும் என்று பேசுகின்ற பொருளாதாரப் பண்டிதர்களுக்கும் ஒன்று ஞாபகப்படுத்துகின்றோம். 2021-22-ல் அந்நாட்டில் ஏறக்குறைய முப்பது கம்பெனிகள் கவிழ்ந்தன. அவர்களிடம் இருந்த ஜனங்களை வேறு கம்பெனிகளுக்கு மாற்றிவிட ஆன செலவு வீடு ஒன்றுக்குச் சுமார் 94 பவுன் என்று அந்நாட்டுக் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2022-ல் கூறிற்று. அந்தப் பணம் எல்லார் பில்லிலும் ஏறியது. கம்பெனி கவிழ்ந்தாலும் ஜனங்களின் மிச்சப் பணத்திற்குப் பாதுகாப்பு உண்டுதான். என்றாலும் அன்றைய மீட்டர்ப் படம் கையில் இருப்பவனுக்குத்தான் தன் மிச்சம் எவ்வளவு என்று தெரியும்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல வீடுகளில் கணக்குப் புருஷன் பேரில் இருக்கின்றது. குளிரில் வீட்டிலிருந்து சிக்கனம் செய்கின்றவள் பெண். அவள் தப்பைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குப் பேசினால், "கணக்குக்காரரைக் கூப்பிடு" என்கின்றான். புருஷன் இறந்தாலோ பிரிந்தாலோ அவள் நிலைமை இன்னும் மோசம். கணக்கில் இருவர் பேரையும் எழுதுங்கள். மீட்டர் படிக்கவும் கணக்குப் போடவும் பெண்களும் பிள்ளைகளும் கற்றுக் கொள்ளட்டும். கோலம் போடும் புள்ளிக் கணக்கைத் தப்பாமல் போடும் கைக்கு இது ஒரு பாரமல்ல.

நமது நாட்டுக் கிராமத்தானுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். பம்பாயின் புறநகர்ப் பகுதிகளில், 2008-ல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வந்த பின், ஒரு கம்பெனியின் கம்பியிலேயே மற்றொரு கம்பெனியின் மின்சாரத்தை வாங்கும் வழி ஏற்பட்டிருக்கின்றது. ஒரே கம்பியில் பல கம்பெனிகள் விற்கலாம் என்ற மசோதா 2022 ஆகஸ்டில் டில்லி பார்லிமெண்டில் கொண்டுவரப்பட்டது. எதிர்ப்பின் பேரில் கமிட்டிக்குப் போனது. அது நல்லதா கெட்டதா என்பதை வேறொரு சமயம் ஆராய்வோம். அது வரட்டும், வராமல் போகட்டும். வாடகை வீடு மாறாதவர் நம்மில் யார்? பழைய வீட்டைப் பூட்டும்போதும் புதிய வீட்டைத் திறக்கும்போதும் மீட்டர் எண்ணை எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குகின்றவர் நூற்றுக்கு எத்தனை பேர்? நல்ல நேரம் எழுதி வாங்குகின்றவர் எத்தனை பேர்?

ஆகவே தோழர்களே! கடவுள் எழுதினார் என்றாலும், கம்பெனி எழுதிற்று என்றாலும், யார் பார்த்து எழுதினது என்று கேளுங்கள். எவனும் பார்க்காமல் எழுதியதற்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. நாமே பார்த்து எழுதியதற்கு ஒரு காசும் குறைக்க வேண்டியதில்லை. அடுத்த முறை வீடு மாறும்போதோ, கம்பெனி மாறும்போதோ, பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே உள்ள அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள் என்று கூறி இதனை முடிக்கின்றோம்.